வறட்டு இருமல் என்று ஒரு சுவரொட்டி

நான் தாதி அல்ல. வாழ்நாளில் யாருக்கும் ஓர் ஊசி போட்டதில்லை. ஆனாலும் இங்கே மலேசியாவில், கிள்ளானிலும் பண்டமாரானிலும் பாதிப் பேர் என்னை இன்றும் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கழுத்தில் கிளினிக் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வரும் பெண் யாராக இருந்தாலும் நம் ஆட்களுக்கு மிஸ்ஸிதான். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். "அண்ணே, நான் சுகாதாரக் கல்வி அதிகாரி" என்பேன். "சரிங்க மிஸ்ஸி" என்பார்கள். அதோடு அந்தச் சண்டையை நிறுத்திக்கொண்டேன்.

நோய் வந்தவருக்கு மருந்து கொடுக்கிறவர்கள் வேறு. ஓர் ஊருக்கே நோய் வராமல் தடுக்க, வந்தால் தாமதிக்காமல் கிளினிக்குக்கு வரவைக்க, வாயாலும் காகிதத்தாலும் மல்லுக்கட்டுகிறவள் நான். என் வேலையால் பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு என்னைத் தெரியாது. வராமல் போன நோய்க்கு யார் வந்து நன்றி சொல்லப் போகிறார்கள்? அதனால் என் பெருமையை நானேதான் பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பேசிக்கொள்ளவும் போகிறேன்.

இதை எழுதத் தூண்டியவள் கஸ்தூரி. நான் ஓய்வுபெற்று விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். அண்மையில் வீட்டுக்கு வந்தபோது, "இப்பலாம் போன்ல போட்டா ஒரு நொடில தமிழ்ல வந்துடுது மேடம். நீங்க ஒரு போஸ்டருக்கு ஒரு மாசம் எடுப்பீங்களாமே, அவ்ளோ நாளு என்னதான் செஞ்சீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. கெட்ட பெண் இல்லை, தெரியாமல் கேட்டாள். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, பதிலை எழுத உட்கார்ந்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சில் பிறந்தவள் நான். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில், மற்ற நாட்களில் பள்ளி. படிப்பு, பயிற்சி என்று சில வருடங்கள் ஓடின. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. தொற்றுநோய் எப்படிப் பரவும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். பேச்சு எப்படிப் பரவும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதைக் கற்றுத் தந்தவர் டாக்டர் ஹலிமா.

அவர் எங்கள் வட்டாரத்துக்குப் பொறுப்பான சுகாதார அதிகாரி. ஒல்லியான உடம்பு, சாம்பல் நிறத் தூடோங் முக்காடு, தலைக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடி. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வந்தவருக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு, தான் ஜன்னல் ஓரம் சாய்ந்து நிற்பார். கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும். மிகவும் கோபம் என்றால் நாம் கிட்டப் போய்க் காது கொடுக்க வேண்டும். அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை என்றால் அலுவலகமே நடுங்கும். அவர் பேசியதெல்லாம் மலாயில். நான் தமிழில் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டெங்கிக் காய்ச்சலைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரம் எழுதிக் கொண்டுபோனேன். நல்ல தமிழ். எனக்கே என்மேல் மரியாதை வந்த தமிழ். டாக்டர் ஹலிமாவுக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைப் படித்தவர் எழுந்து என்ன செய்வார்?"

"வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவார், டாக்டர்."

"நீ சொல்கிறாய். அவர் சொல்லட்டும்."

அன்றே காரில் ஏற்றி என்னைப் பிரிக்பீல்ட்சுக்கு அழைத்துப்போனார். ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் டாக்சி ஓட்டும் அங்கிள் ஒருவர். தாளை அவரிடம் கொடுக்கச் சொன்னார். படித்து முடித்ததும் தாளைத் திரும்ப வாங்கிக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். பிறகு, 'புரிந்ததா' என்று மட்டும் கேட்கவே கூடாது என்றார். அட்டை தொங்கும் ஆள் கேட்டால் நம் ஜனங்கள் மரியாதைக்காவது 'புரிஞ்சிச்சு' என்றுதான் சொல்வார்களாம். உண்மைதான். 'இதை வீட்டில் ஆன்டியிடம் எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேட்க வேண்டும். கேட்டேன்.

அந்த அங்கிள் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "என்னமோ நீர்த்தேக்கத்த அழிக்கணும்னு போட்டிருக்கீங்க. நான் எங்கம்மா போய் டேம் உடைக்கிறது? கவர்மெண்ட் புடிச்சு உள்ள போட்டுடும் லா."

கடையே சிரித்தது. நான் அதை மலாயில் சொன்னதும் டாக்டர் ஹலிமாவும் சிரித்தார். பிறகு, "இன்னும் வேறு மாதிரியான ஆட்களிடமும் கேள். படிக்கத் தடுமாறுகிறவரிடம், பெண்களிடம், நம்மைப் பிடிக்காதவரிடம்" என்றார். 'தண்ணி நிக்கிற வாளி, டயர், பூச்சட்டித் தட்டு' என்று மாற்றினேன். என் நல்ல தமிழ் போயிற்று. பூச்சட்டித் தட்டுகள் காலியாகின. கஸ்தூரி கேட்ட அந்த ஒரு மாசம் இதற்குத்தான் போயிற்று.

இனி முனியாண்டி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு சமயம் என்னை ரவாங்கில் தொழிற்சாலை ஊழியர்களுக்கான பிரசாரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நான் இல்லாத நேரத்தில் காசநோய்ச் சுவரொட்டி வந்திறங்கியது. மலாய், சீனம், தமிழ் எல்லாவற்றையும் அச்சடிக்கிற கம்பெனியே மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டது. படம் அழகு, காகிதம் கனம். ஆட்கள் உடனே ஒட்டியும் விட்டார்கள். நான் திரும்பி வந்தபோது கிளினிக்கில் கூட்டம் அலைமோதியது. எல்லாம் குளிரூட்டிய ஏர்கோன் அறையில் வேலை செய்து தொண்டை காய்ந்துபோன பிள்ளைகளும், பாட்டு வகுப்புக்குப் போகிற அக்காமார்களும். பிரசாரம் பெரிய வெற்றி என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் காரணம் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் பண்டமாரான் காலைப் பாசாரில் ரத்த அழுத்தம் பார்க்கும் மேசை போட்டிருந்தோம். லெட்சுமி என்ற பெண் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவர்தான் முனியாண்டி. துறைமுகத்துக்குச் சாமான் ஏற்றிப்போகும் லோரி ஓட்டுநர். நல்ல உயரம். ஆனால் சட்டை வேறு யாருடையதோ மாதிரி தொங்கியது. இடுப்பு வாரில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள். பக்கத்தில் பாலர் பள்ளிக்குப் போகும் மகள் தர்ஷினி, அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு.

"மிஸ்ஸி, இவர கொஞ்சம் கேளுங்க. மாசக்கணக்கா இருமுறாரு. டாக்டர்கிட்ட போக மாட்டேங்குறாரு" என்றாள் லெட்சுமி.

"ஐயோ, சும்மா இரு லா. நான்தான் போஸ்டர் படிச்சேன்ல? எனக்கு அது இல்ல" என்றார் அவர்.

"எது இல்ல?" என்று கேட்டேன்.

மளிகைக் கடைச் சுவரில் ஒட்டியிருந்த எங்கள் சுவரொட்டியிடம் என்னைக் கூட்டிப்போனார். ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விரல் வைத்து உரக்கப் படித்தார்: "வறட்டு இருமலா? உடனே கிளினிக்கிற்கு வாருங்கள்." என் பக்கம் திரும்பினார். "எனக்கு வறட்டு இருமல் இல்ல மிஸ்ஸி. நல்லா சளி வருது. சில நேரம் கொஞ்சம் ரத்தம் கலந்து வரும், சூடு உடம்புலா. வறட்டு இருமல்னாதான டேஞ்சர்?"

அந்த வரியை நானே இன்னொரு முறை படித்தேன்.

மலாய்க்காரர் காசநோயைப் பேச்சு வழக்கில் 'பாத்தோக் கெரிங்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் காய்ந்த இருமல். ஆனால் அந்த இரண்டு சொல்லும் சேர்ந்தால் அது நோயின் பெயர். இருமல் காய்ந்ததா ஈரமா என்ற பேச்சே அதில் இல்லை. அச்சகத்து மேதாவி அதைப் பிரித்து, 'வறட்டு இருமல்' என்று போட்டுவிட்டார். காசநோய் என்ற சொல் மூலையில் எறும்பு அளவு எழுத்தில் கிடந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் அலுவலகத்துத் தமிழர் ஒருவருக்கும் தப்பு தெரியவில்லை. எல்லாரும் இரண்டு மொழியிலும் ஊறியவர்கள். தமிழில் படித்தபோதே காதுக்குள் மலாய் கேட்டுவிட்டது. தமிழை மட்டும் நம்பிப் படித்த மனிதர்தான் மாட்டிக்கொண்டார். யாரை வரவழைக்க அந்தச் சுவரொட்டியோ, அவரையே அது 'நீ வர வேண்டாம்' என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது.

"அண்ணே," என்றேன், "போஸ்டர் தப்பு. நீங்க இப்பவே என்கூட வரீங்க."

"டவுக்கே திட்டுவாரு மிஸ்ஸி. லோரி நிக்குது."

"உங்க முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். பாப்பாவ பாருங்க. அவளும் உங்க கூட ஒரே ரூம்லதான தூங்குறா?"

அவர் மகளைப் பார்த்தார். மெதுவாக அவள் கையிலிருந்து தன் விரலை விடுவித்துக்கொண்டார். அந்தக் குழந்தையையும் அவரையும் காப்பாற்றிவிட வேண்டும் என்பது அந்த நிமிடத்திலிருந்து எனக்கு வெறும் உத்தியோகமாக இல்லை.

சளி எடுப்பது என்பது லேசான காரியம் இல்லை. டப்பாவைக் கொடுத்துத் துப்பச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் எச்சிலைத் துப்பிவிட்டுப் போவார்கள். எச்சிலில் கிருமி தெரியாது. 'ஒன்றுமில்லை' என்று முடிவு வரும். நான் பக்கத்தில் நின்று சொல்லித் தந்தேன். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், ஆட்கள் இல்லாத பக்கம் திரும்பி நிற்க வேண்டும். மூச்சை ஆழமாக இழுத்து, கொஞ்சம் பிடித்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும். மூடியை இறுக்கித் திருக வேண்டும். முனியாண்டி ஒழுங்காகச் செய்து கொண்டுவந்தார். முடிவு காசநோய்தான். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் ஓட்டை விழுந்திருந்தது.

டாக்டர் ஹலிமாவிடம் சுவரொட்டியை மேசையில் விரித்து வைத்து, 'கெரிங்' என்றால் 'வறட்டு', 'வறட்டு' என்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன என்று விளக்கினேன். கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். தெரியாத எழுத்தை நெடுநேரம் பார்த்தார். "அப்படியானால் சளி வருகிறவர்கள் எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள்" என்றார். கிட்டப் போய்க் காது கொடுத்துத்தான் கேட்டேன்.

அன்று பிற்பகல் ஒருவரும் அலுவலகத்தில் இல்லை. குமாஸ்தா, ஓட்டுநர், தாதிகள் எல்லாரும் தகடும் தண்ணீர் வாளியுமாகச் சுவர்களைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். டாக்டர் ஹலிமா சட்டைக் கையை மடித்துவிட்டு, அந்த மளிகைக் கடைச் சுவரைத் தானே சுரண்டினார். அச்சகத்து ஆள் மறுநாள் வந்து, "சின்னச் சொல் தவறுதானே, டாக்டர்" என்றார். அவருக்குக் கிடைத்த பதில் அறையில் இருந்த எங்கள் ஒருவர் காதிலும் விழவில்லை. அவர் காதில் நன்றாக விழுந்திருக்கும். போகும்போது முகம் அப்படி இருந்தது.

லெட்சுமியையும் தர்ஷினியையும் சோதித்தோம். லெட்சுமிக்கு ஒன்றுமில்லை. குழந்தைக்கு நோய் இல்லை. ஆனால் கிருமி உடம்புக்குள் புகுந்திருந்தது. அது நோயாக மாறாமலிருக்கத் தடுப்பு மருந்து ஆரம்பித்தோம். அந்தச் செய்தியைக் கேட்ட முனியாண்டி அன்றே தட்டு, கோப்பை, பாய் எல்லாவற்றையும் தனியாக வைத்துக்கொண்டார். ஹாலில் தனியாகப் படுத்தார். அறை வாசற்படியைக் காட்டி, "அப்பா இங்க இருந்தா நீ அங்க" என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவளும் கெட்டிக்காரி. படியைத் தாண்டவே மாட்டாள்.

காசநோய் மருந்தில் கஷ்டம் அதன் கசப்பு இல்லை, அதன் நீளம். ஆறு மாதம், ஒரு நாள் விடாமல், சுகாதார ஊழியர் கண்முன் விழுங்க வேண்டும். விழுங்கியதும் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் ரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்திவிடுவார்கள். இதெல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஆபத்து வந்தது அவருக்கு உடம்பு தேறியபோது. இருமல் நின்றது, சோறு இறங்கியது, லோரிக்குத் திரும்பினார். கிளினிக் திறப்பதற்கு முன்பே லோரி கிளம்பிவிடும். ஆள் வருவது நின்றுபோயிற்று.

பாதியில் விட்டால் மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக எழுந்து வரும். அவருக்கும் ஆபத்து, வீட்டுக்கும் ஆபத்து, லோரி யார்டுக்கே ஆபத்து. நான் டாக்டர் ஹலிமாவிடம் கொதித்தேன். "எவ்வளவு சொல்லியும் இப்படிப் பண்றாரே, டாக்டர்!"

"அவரால் நம்மிடம் வர முடியவில்லை. நாம் போவோம்," என்றார். "ஆனால் முதலில் அவரைக் கேள். எந்த இடம் என்று அவர் சொல்லட்டும். ஊருக்குத் தெரிந்துவிட்டால் அவருக்கு வேலை போய்விடும் என்று பயப்படுவார்."

கேட்டேன். யார்டு கேட்டுக்குப் பக்கத்துத் தே தாரேக் டீக்கடையின் பின்பக்கம் என்றார். மறுநாளிலிருந்து விடியற்காலை நான் அங்கே. கிள்ளான் போக்குவரத்தில் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர எந்த மணிக்கு எழுந்தேன் என்பதை என் வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார். முனியாண்டி தன் மாத்திரைகளை விழுங்குவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் பிரஷர் மாத்திரையை விழுங்குவேன். அவர் வாயைத் திறந்து காட்டுவார். நானும் திறந்து காட்டுவேன். சிரிப்பார்.

லோரிக்காரர்கள் விடுவார்களா? "என்ன மிஸ்ஸி, தினமும் மருமகனுக்கு விருந்தா?" என்றார்கள். "வைட்டமின்" என்று முனியாண்டி சமாளித்தார். கொஞ்ச நாள் போயிற்று. ஒரு காலையில் கடைக்குள் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிற சத்தம் கேட்டது. செல்வராஜ் என்ற இன்னொரு ஓட்டுநர். முனியாண்டி காதைத் தீட்டிக் கேட்டார். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, நேராகக் கடைக்குள் போனார். நான் தடுக்கப் போனேன். கேட்கவில்லை.

"டேய் செல்வராஜ், இது வைட்டமின் இல்ல. எனக்கு டிபி. மருந்து சாப்ட்டா போயிடும், பாரு எப்படி இருக்கேன்! உனக்கு சளி வருதா, வறட்டா வருதா, அதெல்லாம் பேசாத. நிக்காம இருமுற இல்ல? மிஸ்ஸிகூட போ."

தே தாரேக் ஆற்றுகிறவர்கூட ஆற்றாமல் நின்றார். டவுக்கே அங்கேதான் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முனியாண்டி அவரையும் பார்த்தார். கிழவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "மருந்த முழுசா சாப்டு. லோரி எங்கயும் போயிடாது" என்றார். செல்வராஜ் அன்று கிளினிக்குக்கு வந்தார். அவரோடு, இருமலே இல்லாத இரண்டு பேரும் பயத்தில் வந்தார்கள். நான் மேடை போட்டு மைக் வைத்துப் பேசியும் அசையாத யார்டு அது.

முனியாண்டி கடைக்குள் சொன்னதைத்தான் புது சுவரொட்டியில் போட்டோம். 'சளி வந்தாலும், வறண்டு வந்தாலும், நிக்காத இருமலா? கிளினிக்குக்கு வாங்க. காசநோயை மருந்து போக்கிடும்.' படிக்கத் தடுமாறுகிறவர், பெண்கள், எங்களைப் பிடிக்காதவர் என்று எல்லாரிடமும் கொண்டுபோய், தாளைக் கவிழ்த்து வைத்துக் கேட்டேன். எல்லாரும் அவரவர் வாயால் சரியாகச் சொன்னார்கள். அதன் பிறகு கிளினிக்கில் வரிசை நின்றது, சரியான வரிசை. ஜெஞ்சாரோம் தோட்டப் பக்கத்திலிருந்து, துறைமுகத்திலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து உணவகங்களில் வேலைக்கு வந்த தம்பிகள் வரை. அந்தச் சுவரொட்டியில் என் பெயர் இல்லை. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் நிமிர்ந்து நடப்பேன்.

ஒரு காரியம் மட்டும் என்னால் முடியவில்லை. கிருமி அடங்கிவிட்டது, இனி குழந்தையைத் தூக்கலாம், கொஞ்சலாம் என்று டாக்டர் ஹலிமா சோதனை முடிவைக் காட்டியே முனியாண்டியிடம் சொன்னார். நானும் படித்துப் படித்துச் சொன்னேன். லெட்சுமி அழுது பார்த்தாள். "மருந்து முடியட்டும் டாக்டர்" என்பதுதான் அவர் பதில். ஓர் ஊரையே பேசிச் சம்மதிக்க வைத்தவள், இந்த ஒற்றை மனிதரிடம் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

கடைசி மாத்திரையை அவர் கிளினிக்கில்தான் விழுங்கினார். குடும்பத்தோடு வந்திருந்தார். வாயைத் திறந்தார், நாக்கைத் தூக்கிக் காட்டினார். டாக்டர் ஹலிமா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை இருந்த இடத்தில் வெறும் தழும்பு மட்டும் இருப்பதைக் காட்டினார். சளியில் கிருமி இல்லை. "முடிந்தது" என்று கை கொடுத்தார்.

முனியாண்டி கதவுப் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் நீட்டினார். "தர்ஷினி, வாம்மா."

அவள் இப்போது பள்ளியில் முதலாம் ஆண்டு. நீலப் பினஃபோரில், கதவு நிலைக்கு வெளியே கால் சேர்த்து நின்றாள். அப்பாவின் கைகளைப் பார்த்தாள். கீழே தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்:

"ஆன்டி, போலாமா?"

"போ லா கண்ணு," என்றேன்.

ஓடி வந்து மோதினாள். தூக்கியவர் ஒரு கணம் தடுமாறிச் சுவரில் சாய்ந்துகொண்டார். அவள் தலைக்கு மேலாக மனைவியைப் பார்த்துக் கேட்டார்:

"லெட்சுமி, இவ எப்ப இவ்ளோ கனமானா?"